குடும்ப வைத்தியரும் இருதய நலமும்

நள்ளிரவில் ஒருவர் மார்பு நோவுடன் விழித்தெழுகின்றார். அவருடைய வீடு வலிகாமத்துத் தோட்டங்களின் நடுவே இருக்கலாம், வடமராட்சிக் கரையோரத்தில் இருக்கலாம், புங்குடுதீவிலும் இருக்கலாம். வாய்வுக் குத்து என எண்ணி வீட்டார் சுடுநீர் கொடுப்பர். மார்பிலே தைலம் பூசுவர். நோ தணியவில்லை, உடல் வியர்க்கின்றது, இடது கை கனக்கின்றது. அப்போதுதான் அயலிலுள்ள வைத்தியரின் படலை தட்டப்படுகின்றது.

இருதய நோயில் தனித்தேர்ச்சி பெற்ற நிபுணர் அந்த நேரத்தில் நகரத்துப் போதனா வைத்தியசாலையில் இருப்பார். நோயாளியின் படலைக்கும் அவ்வைத்தியசாலைக்கும் இடையே இரவும் வழியும் கிடக்கின்றன. நெடுந்தீவிலே ஒருவருக்கு இந்நிலை நேருமாயின், குறிகட்டுவானுக்கு வர ஒரு மணி நேரக் கடற்பயணமும் கூடுகின்றது. ஆதலின், முதலில் படலையைத் திறக்கின்ற வைத்தியர் என்ன அறிந்திருக்கின்றார், அவர் கையில் என்ன கருவி இருக்கின்றது, நோயாளியை எவ்வளவு விரைவில் யாரிடம் அனுப்புகின்றார் என்பவற்றிலேயே ஓருயிரின் கதி பெரும்பாலும் தங்கியிருக்கின்றது.

அந்த வைத்தியரை ஆயத்தப்படுத்தும் பொறுப்பு யாருடையது? பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த மாணவரை நோக்கித் திரும்பிவிடும். அரசு அவரைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அமையும். பின்னர் முப்பது நாற்பது ஆண்டுக்காலம் அவர் தம் மருந்தகத்தில் தனியாகவே இருக்கின்றார். அந்தத் தனிமையைப் போக்குதற்கே வைத்தியர் சங்கங்கள் ஏற்பட்டன. அத்தகைய சங்கத்தை இருதய நலத்தின் பொருட்டு நடத்திச் செல்பவர்களின் கடமை எத்தகையது என்பது, வைத்தியர்கள் மட்டுமன்றிப் பொதுமக்களும் அறியவேண்டிய செய்தியாகும்.

நோயின் தன்மையை முதலிற் சிறிது நோக்குதல் வேண்டும். இருதயம் உடல் முழுவதற்கும் குருதியைச் செலுத்தும் ஒரு தசை. அத்தசைக்கும் குருதி வேண்டும். அதனைக் கொண்டு செல்பவை முடியுருநாடிகள் எனப்படும். இவற்றின் உட்சுவரில் ஆண்டுக்கணக்காகக் கொழுப்புப் படிகின்றது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அதன்மேற் குருதி உறைந்து, வழி அடைபட்டுவிடுமானால், அப்பகுதித் தசை நிமிடத்துக்கு நிமிடம் மடிந்துகொண்டே போகும். அடைப்பை நீக்கும் சிகிச்சை எவ்வளவு முந்திக் கிடைக்கின்றதோ அவ்வளவு தசை பிழைக்கும். 1988ஆம் ஆண்டில் வெளியான பெரியதொரு பன்னாட்டு ஆய்விலே 17,187 நோயாளர் சேர்க்கப்பட்டனர். எளிய மருந்தாகிய அஸ்பிரின், உரிய வேளையிற் கொடுக்கப்பட்டபோது, மரணத்தை ஐந்திலொரு பங்குக்கு மேல் குறைத்ததை அவ்வாய்வு காட்டிற்று. குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தும் சேர்ந்தபோது பயன் மேலும் மிகுந்தது. அம்மாத்திரை எந்தச் சிறு மருந்தகத்திலும் உண்டு. ஆனால் இஃது இருதய நோவா, வயிற்றுப் புண்ணால் வந்த நோவா என்று தெளிந்து கொடுக்கின்ற அறிவு மாத்திரைப் புட்டியில் இருப்பதில்லை. வைத்தியரிடமே இருத்தல் வேண்டும்.

படலை தட்டப்படும் இரவுக்கு முந்திய பத்து இருபது ஆண்டுகள் இதனினும் முக்கியமானவை. உயர்ந்த குருதியமுக்கம் நோவதில்லை. நீரிழிவு தொடக்கத்தில் வருத்துவதில்லை. சுருட்டுப் புகை அன்றன்று இன்பமாகவே இருக்கின்றது. இவை மூன்றும் ஓசையின்றி நாடிகளை அரித்துவரும் காலத்தில் அம்மனிதர் நிபுணரிடம் போவதில்லை. தடிமனுக்கும் காய்ச்சலுக்கும், பேரப்பிள்ளையின் இருமலுக்கும் அவர் போவது குடும்ப வைத்தியரிடமே. அந்த வேளையில் அவருடைய கையிலே பட்டியைச் சுற்றி அமுக்கத்தை அளந்து பார்க்கும் வாய்ப்பு வேறு எவருக்கும் கிடையாது.

வைத்திய உலகில் பாதிகளின் விதி என்றொரு பேச்சு உண்டு. ஓர் ஊரில் உயர்ந்த குருதியமுக்கம் உள்ளவர் எண்பது பேர் எனக் கொள்வோம். அவருள் நாற்பது பேருக்கே நோய் உண்டென்பது தெரிந்திருக்கும். அந்நாற்பதின்மருள் இருபது பேரே சிகிச்சை பெறுவர். அவ்விருபதின்மருள்ளும் பத்துப் பேருக்கே அமுக்கம் உரிய அளவில் அடங்கியிருக்கும். எல்லா ஊருக்கும் எக்காலத்துக்கும் இக்கணக்குச் சரியாகப் பொருந்துமென்பதில்லை. ஆயினும், எழுபது பேர் எவ்விடத்திற் கைநழுவிப் போகின்றனர் என்பதை அது தெளிவாகக் காட்டுகின்றது. அவர்களுட் பெரும்பாலோர் நழுவுவது பெரிய வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அன்று. ஊர் மருந்தகத்தின் வாசலிலேயாம்.

இருதய வைத்தியத்தின் வரலாறும் இவ்வுண்மையையே வற்புறுத்துகின்றது. ஸ்கொத்லாந்திற் பிறந்த ஜேம்ஸ் மக்கென்சி என்பவர் 1879ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் நெசவாலை நகரமாகிய பேர்ண்லியில் பொது வைத்தியராக அமர்ந்தார். அவருடைய பராமரிப்பில் இருந்த இளம் பெண் ஒருத்தி பிள்ளைப்பேற்றின்போது இருதய நோயினால் இறந்தாள். அவளுக்கு நேரவிருந்த ஆபத்தைத் தாம் முன்னரே உணரவில்லையே என்ற துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. அன்று தொட்டுத் தம்மிடம் வரும் இருதய நோயாளர் ஒவ்வொருவருடைய நாடித் துடிப்பையும் குறித்து வைக்கத் தொடங்கினார். கையின் நாடியையும் கழுத்தின் நாளத்தையும் ஒருங்கே வரைந்து காட்டும் கருவியொன்றை அமைத்தார். கடிகாரத் தொழிலாளி ஒருவர் அதனைத் திருத்திச் செய்வதில் அவருக்குத் துணைநின்றார்.

மக்கென்சியின் பெருமை கருவியினால் மட்டும் வந்ததன்று. ஒரே ஊரில், ஒரே குடும்பங்களை, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுக்காலம் அவர் தொடர்ந்து பார்த்தார். துடிப்பு ஒழுங்கு தவறியவர்களுள் எவர் சுகமாக வாழ்ந்தனர், எவர் நோயில் வீழ்ந்தனர் என்பதை அத்தொடர்ச்சியினாலேயே அறிந்தார். தீங்கில்லாத துடிப்பு மாற்றத்தைக் கண்டு வீணே அஞ்சிப் படுக்கையிற் கிடந்த பலர் எழுந்து வேலைக்குச் செல்ல அவருடைய ஆராய்ச்சி வழிசெய்தது. நோயாளி சிலநாள் தங்கிப் போகின்ற பெரிய வைத்தியசாலையில் இவ்வறிவு கிடைத்திராது. 1902இலும் 1908இலும் அவர் வெளியிட்ட நூல்கள் அவரை உலகறிந்த இருதய நிபுணர் ஆக்கின. 1907இல் இலண்டனுக்குச் சென்று புகழ் பெற்ற பின்னரும், நோயின் தொடக்கத்தைக் காண்பவர் பொது வைத்தியரே என்ற கொள்கையை அவர் விடவில்லை. ஸ்கொத்லாந்தின் புனித அந்திரேயர் நகரில், பொது வைத்தியர்களே ஆராய்ச்சி செய்தற்கென ஒரு நிலையத்தை முதலாம் உலகப் போரின் முடிவில் நிறுவினார். 1925இல் இருதய நோயினாலேயே காலமானார்.

மக்கென்சி தம்மிடம் வந்தவர்களைத் தொடர்ந்து நோக்கினார். வராதவர்களையும் தேடிச் சென்றவர் ஜூலியன் ரியூடர் ஹார்ட். வேல்ஸ் நாட்டிலே கிளின்கொறுக் என்னும் நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் 1960களில் அவர் வைத்தியராக அமர்ந்தார். தம் பொறுப்பிலுள்ள வயதுவந்தோர் அனைவருடைய குருதியமுக்கத்தையும் அளப்பதென்று துணிந்து, ஏறக்குறைய எல்லாரையும் அளந்து முடித்தார். வைத்தியம் எவருக்கு மிக வேண்டுமோ அவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கின்றது என்ற கருத்தை 1971இல் எழுதி வெளியிட்டார். இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் பயனை 1991இல் அவர் எடுத்துக்காட்டியபோது, அக்கிராமத்தில் அகால மரணம் அயற்கிராமத்தினும் குறைந்திருந்தது. அதற்கென அவ்வூரில் பெரிய வைத்தியசாலை எழவில்லை. அமுக்கமானியும் பதிவுப் புத்தகமும் விடாமுயற்சியுமே அங்கே பயன்பட்ட கருவிகள்.

இவ்விருவரும் தனிமனிதர். தனிமனிதர் மறைந்தால் அவர் மூட்டிய விளக்கும் அணையக்கூடும். விளக்கைக் கைமாற்றிச் செல்வதற்குச் சங்கம் வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில், முதனிலைப் பராமரிப்பில் உள்ளோர்க்கான இருதயக் குருதிக்குழாய்ச் சங்கம் ஒன்று 1990களில் அமைந்தது. பிற்காலத்தில் அதன் பணி தளர்ந்தது. 2019ஆம் ஆண்டில் அது புதிதாகத் தொடங்கப்பெற்றது. பொது வைத்தியர்களோடு தாதியரும் மருந்தாளரும் அதில் இடம்பெறுகின்றனர். நிபுணர் சங்கங்கள் இருக்கவும், குடும்ப வைத்தியர் தமக்கென ஒரு சங்கத்தைத் தம் தலைமையிலே நடத்த விரும்பியது ஏன்? நிபுணர் காண்பது நோய் முற்றிய ஒருவரை. குடும்ப வைத்தியர் காண்பது நோய் முற்றாத நூறு பேரை. இருவர் எதிர்நோக்கும் வினாக்களும் வேறு. ஆதலின், இரண்டாமவருடைய வினாக்களை அவ்வாசலில் இருந்து பழகியவரே எழுப்புதல் பொருத்தமாகும். அச்சங்கம் ஒருகாலத்தில் தளர்ந்து பின் எழுந்ததிலும் ஒரு பாடம் உண்டு. தலைமை இடையறாது வளர்க்கப்படாவிடின், வளம் மிக்க நாட்டிலுங்கூடச் சங்கம் உறங்கிவிடும்.

இப்பாடத்தைக் கற்பதற்கு யாழ்ப்பாணத்தார் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. 1847இல் அமெரிக்காவிலிருந்து இங்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு நின்றாரல்லர். வந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே இவ்வூர் இளைஞரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தபின், தமிழிலேயே கற்பிக்கும் துணிந்த செயலை மேற்கொண்டார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்வர். தமிழிற் கற்றவர் தம் கிராமத்தில் நிலைத்து அங்குள்ள மக்களுக்கு உதவுவர் என்பது அவருடைய கணிப்பு. அவரிடம் பயின்றோர் அறுபதுக்கு மேற்பட்டவர் ஆவர். இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் தமிழில் வெளிவந்தன. இருதயத்தின் அறைகளையும் வால்வுகளையும் நாடி நாளங்களையும் தமிழிலே சொல்லலாம் என்பது இவ்வாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மெய்ப்பிக்கப்பட்டது. 1873இல் அவர் விடைபெற்றுச் சென்றார். 1884இல் காலமாகும்வரை தமிழ் வைத்திய நூற்பணியை நிறுத்தவில்லை.

கிறீன் எந்த இருதயச் சங்கத்துக்கும் தலைவராக இருந்தவரல்லர்; அவர் காலத்தில் அத்தகைய சங்கமும் இல்லை. ஆயினும், சங்கத் தலைமைக்குரிய இலக்கணம் அவர் செயலிலே அமைந்திருந்தது. தாமில்லாத காலத்திலும் வேலை நடப்பதற்கு ஆட்களைப் பயிற்றினார். அவர்களுக்கு வேண்டிய நூல்களை ஆக்கினார். வைத்தியர் எங்கே வாழ்தல் வேண்டும் என்பதையும் சிந்தித்தார்.

அந்த மரபு அறுந்துபோகவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தோன்றியது. அங்குச் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய சிவஞானசுந்தரம் அவர்கள், நந்தி என்ற புனைபெயரில் நாவல்களும் சிறுகதைகளும் எழுதியதோடு, சுகாதார அறிவையும் எளிய தமிழில் மக்களுக்கு வழங்கினார். இன்று அப்பீடத்தில் சமுதாய மருத்துவமும் குடும்ப மருத்துவமும் ஒரே துறையாகக் கற்பிக்கப்படுகின்றன. பொது வைத்தியர்களுக்கான இலங்கைக் கல்லூரி 1974ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிலைநிறுத்தப்பட்டது. யாழ்ப்பாண மருத்துவ சங்கம் வைத்தியர்களைக் கூட்டி அறிவுப் பரிமாற்றத்தை நடத்தி வருகின்றது. நோய்க்குறி தோன்றாதவர்களையும் பரிசோதிக்கும் நிலையங்களைச் சுகாதார அமைச்சு 2011 முதல் நாடெங்கும் திறந்தது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கும் விரிந்தது. உறுப்புகள் பல உள. அவற்றை இணைத்து நடத்தும் பொறுப்புடைய கைகளே வேண்டும்.

இணைப்பு அறும்போது நிகழ்வதை இம்மண் நன்கறியும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. 2002இல் திறக்கப்பட்ட ஏ9 வீதி, 2006 ஆகஸ்டில் மீண்டும் அடைபட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே மக்களுக்கு அவ்வழி திரும்பக் கிடைத்தது. அக்காலத்தில் உயர் சிகிச்சை தேடித் தெற்கே செல்வது எளிதன்று. மருந்து வருவதும் எளிதன்று. வைத்தியர் பலர் முன்னரே புலம்பெயர்ந்திருந்தனர். எஞ்சி நின்றவர் தம் காதையும் கையையும் அனுபவத்தையும் நம்பியே நோயாளரைக் காத்தனர். ஊர் வைத்தியரின் அறிவை வளர்த்து வைப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பதற்கு அந்த ஆண்டுகளே சான்றாகும்.

எனவே, குடும்ப வைத்தியரின் இருதய நலச் சங்கத்துக்குத் தலைமை ஏற்பவர் செய்யவேண்டியவை யாவை?

முதலாவது, கற்பித்தல். ஈ.சி.ஜி. எனப்படும் இருதய மின்வரைவை எடுக்கும் கருவி இப்போது சிறிய பெட்டியளவில் வந்துவிட்டது. அதனை வாசிக்கும் பயிற்சி இன்றேல் அது வெறுங் கடதாசியே. ஆண்டுக்கொரு பெருவிழா மாநாட்டினும், மாதந்தோறும் பத்து வைத்தியர் ஒன்றுகூடித் தாம் கண்ட வரைவுகளையும் தாம் விட்ட பிழைகளையும் ஒளிவின்றிப் பேசும் ஒரு மாலைப்பொழுது மிகுந்த பயன் தரும். தலைவர் தம் பிழையை முதலிற் கூறுவாராயின், இளையவர் அச்சமின்றிப் பேசுவர்.

இரண்டாவது, எண்ணுதல். தம்மிடம் வருவோருள் நாற்பது வயது கடந்தவர் எத்தனை பேர், அவருள் அமுக்கம் அளக்கப்பட்டவர் எத்தனை பேர், அடங்கியவர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு மருந்தகமும் குறித்து வைத்தல் வேண்டும். வணிகர் நாள்முடிவில் வரவு செலவு பாராது கடையைப் பூட்டுவதில்லை. உயிர்க்கணக்குக்கு அத்துணைக் கவனமேனும் வேண்டாமா?

மூன்றாவது, வைத்தியசாலையோடு உடன்பாடு. ஊர் வைத்தியர் நோயாளியை அனுப்பும்போது கொடுக்கும் கடிதத்தில் நோவு தொடங்கிய நேரமும் கொடுத்த மருந்தும் தெளிவாக இருத்தல் வேண்டும். நோயாளி வீடு திரும்பும்போது நிபுணரின் கடிதமும் ஊர் வைத்தியருக்கு வரவேண்டும். பல இடங்களில் முதற்கடிதம் போகின்றது, மறுகடிதம் வருவதில்லை. அதனால் புதிய மாத்திரை எதற்கென்பது அறியாமல் நோயாளி அதனை இடையில் நிறுத்திவிடுகின்றார். இருதிறத்தாரையும் ஒரு மேசையில் அமர்த்தி இவ்வழக்கத்தை ஏற்படுத்துதற்கு இருவர் மதிப்பையும் பெற்ற தலைவர் வேண்டும்.

நான்காவது, மக்களோடு அவர்தம் மொழியிற் பேசுதல். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைந்த புகையிலை பல குடும்பங்களின் கடனைத் தீர்த்தது, பிள்ளைகளைப் படிப்பித்தது, சுருட்டுக் கொட்டில்கள் பலருக்குச் சோறிட்டன. அந்த வரலாற்றை அறியாது புகையை விடு என்று மட்டும் கட்டளையிடும் வைத்தியரின் சொல் காதில் ஏறாது. கருவாடும் ஊறுகாயும் இன்றிச் சோறு இறங்காத வீட்டில் உப்பைக் குறைக்கும் வழியை அடுப்படி அறிந்து சொல்லுதல் வேண்டும். அந்த வீட்டைத் தலைமுறையாக அறிந்தவர் குடும்ப வைத்தியர் ஆதலின், அவர் சொல்லுக்கு விளம்பரப் பலகைக்கு இல்லாத வலிமை உண்டு.

ஐந்தாவது, அடுத்தவரை ஆக்குதல். ஒருவரே இருபது ஆண்டு தலைவராக இருக்கும் சங்கம், அவரோடு முதுமை எய்தி அவரோடு முடியும். தலைமைக்குக் கால எல்லை வகுத்து, துணைப் பதவிகளில் இளையவரைப் பழக்கி, உரிய நாளில் இருக்கையை விட்டெழுவது தலைவரின் கடைசிக் கடமையாகும். புலம்பெயர்வினால் கற்றோரை இழந்துகொண்டேயிருக்கும் ஒரு சமூகத்துக்கு இக்கடமை இருமடங்கு பாரமுடையது. இங்கு ஒருவர் செல்வதற்கு முன் இருவர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

இக்கடமைகளுள் எதுவும் மாலைக்கும் மேடைக்கும் உரியதன்று. குருதியமுக்கம் அடங்கியவருக்கு வராமற்போன நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாற் பிழைத்தவர் தாம் பிழைத்ததை அறிவதுமில்லை. ஆகவே, நன்றி கூறுவாரும் இலர். காணப்படாத இப்பயனுக்காக உழைக்க உடன்படுவோரே இத்தகைய சங்கத்துக்கு உரிய தலைவர்.

மீண்டும் அந்த நள்ளிரவை எண்ணிப் பார்க்கலாம். படலை தட்டப்படுகின்றது. வைத்தியர் எழுந்து விளக்கைப் போடுகின்றார். நோவின் தன்மையைக் கேட்டு, மின்வரைவை எடுத்து நோக்குகின்றார். உரிய மாத்திரையை மென்று விழுங்கச் செய்து, காவு வண்டியை அழைத்து, வைத்தியசாலைக்கு முற்கூட்டியே சொல்லி, நேரம் குறித்த கடிதத்தை மகனின் கையிற் கொடுக்கின்றார். எல்லாம் சில நிமிடங்களில் முடிகின்றன. எந்தச் சங்கத்தின் பெயரும் அங்கே பேசப்படுவதில்லை. ஆனால், எங்கோ ஒரு மாலைப்பொழுதில் பத்து வைத்தியர் கூடிப் பேசிய பேச்சின் பயன் அந்த அறைக்குள் நிற்கின்றது. விடியும்போது அம்மனிதர் உயிரோடிருப்பாராயின், தலைமை தன் கடமையைச் செய்தது என்பதற்கு அதுவே போதிய சான்றாகும்.